பத்துச் சனிக்கிழமையும் ஒரு சுவிஸ் வங்கிக்காரரும்: கிளிநொச்சி வங்கி வகுப்புக்குப் போகலாமா?

கட்டணம் 15,000 ரூபா. குறிப்புப் புத்தகத்துக்குத் தனியாக 1,200. பத்துச் சனிக்கிழமை, பின்னேரம் இரண்டு மணியில் இருந்து ஐந்து மணி வரை. கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, கீழே இரும்புக் கடை, மேலே வகுப்பு. இவ்வளவு காசு கொடுத்துப் போகலாமா என்று எங்கள் சங்கத்தில் வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளும் விசுவமடுவில் ஒரு தம்பியும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

நிலையத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகும் சேரின் முகத்தில் முழிக்க வேண்டும். இடத்தைச் சொல்லிவிட்டேன், கிளிநொச்சிக்காரருக்கு அது போதும்.

நான் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் கிராமிய வங்கியில் அடகுப் பகுதியில் 11 வருடமாக இருக்கிறேன். உரைகல், தராசு, அமிலப் போத்தல், இரும்புப் பெட்டகம், இவைதான் என் உலகம். உயர்தரப் பரீட்சையை 2010ல், முகாமால் வெளியே வந்த பிறகுதான் எழுதினேன். பதவி உயர்வுக்கு வங்கித் தொழில் சம்பந்தமாக ஏதாவது படித்திருக்க வேண்டும் என்றார்கள், வெளிக்கிட்டேன். தருமபுரத்தில் இருந்து ஸ்கூட்டியில், மாரி மழைக்குள், பத்துக் கிழமையும் தவறவிடாமல் போனேன். ஆகவே என் 15,000 ரூபாவுக்கு நான் கதைக்கலாம்.

அவர்களின் விளம்பரப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நரைத்த தலை, நல்ல கோட், சிரிப்பு, ஒரு வெள்ளைக்காரர். கீழே கொட்டை எழுத்தில் "15 வயதில் பயிலுநர், 51 வயதில் தலைமை நிர்வாகி." எங்கள் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது ஆளனுப்புற இடமோ பிள்ளை?" என்று கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஆள் செர்ஜியோ எர்மொத்தி. யூ.பி.எஸ் என்ற சுவிஸ் வங்கியின் தலைமை நிர்வாகி. 1960ல் லுகானோவில் பிறந்தவர், சுவிசில் இத்தாலி மொழி பேசும் ரிச்சினோ மாநிலம் அது. வகுப்பு நடத்தும் சேர் 36 வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் முகாமையாளராக இருந்திருக்கிறார். முதல் ஒன்றரை மணித்தியாலம் பாடம்: கணக்கு, வட்டி, கடன் விண்ணப்பம், பணத்தூய்தாக்கல் சட்டம். பிறகு கால் மணித்தியாலம் தேத்தண்ணி. அதற்குப் பிறகு மிச்ச நேரமெல்லாம் இந்த மனிசனின் கதை. ஒரே ஒரு வங்கிக்காரரின் தொழில் வாழ்க்கையைப் பத்துத் துண்டாக வெட்டி, ஒவ்வொரு கிழமையும் ஒரு துண்டு. அந்தத் துண்டுக்குள் அன்றைய பாடத்தையும் செருகிவிடுவார்.

இந்த ஒழுங்கு நல்லது. பாடத்தை மட்டும் சொல்லியிருந்தால் மூன்றாம் கிழமையோடு பாதிப்பேர் நின்றிருப்பார்கள். 28 பேரோடு தொடங்கி, முடிக்கும்போது 23 பேர் இருந்தோம். எங்கள் பக்கத்தில் சனிக்கிழமைப் பின்னேரம், அதுவும் விதைப்புக் காலத்தில், இது பெரிய விசயம்.

இரண்டாம் கிழமை வகுப்புத்தான் எனக்குப் பிடித்தது. எர்மொத்தி 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு லுகானோவில் கோர்னேர் வங்கியில் பயிலுநராகச் சேர்ந்த கதை. சேர் ஒன்றும் கதைக்காமல் பையைத் திறந்து, நோட்டு அளவுக்கு வெட்டிய வெள்ளைக் கடதாசிக் கட்டுகளை எடுத்து மேசைக்கு ஒன்றாக வைத்தார். கட்டுக்கு நூறு என்று மேலே எழுதியிருந்தது. "எண்ணுங்கோ பிள்ளையள். வங்கிக்காரன்ர முதல் வேலை இதுதான்." எல்லோரும் எண்ணினோம். நூறு என்று சொன்னவர்கள் பத்துப் பேருக்கு மேல். எனக்கு 98 வந்தது. திரும்ப எண்ணினேன், 98. கையை உயர்த்தப் பயமாக இருந்தது. சேர் சிரித்தார். எல்லாக் கட்டிலும் இரண்டு குறைத்துத்தான் வைத்திருந்தாராம். "மேல எழுதியிருக்கிறதை நம்பி எண்ணினவை எல்லாரும் இண்டைக்கு இரண்டு நோட்டைத் தங்கட சம்பளத்தில கட்டவேணும்." 15,000 ரூபாவில் ஒரு 5,000 அந்தப் பத்து நிமிடத்துக்கே போகட்டும்.

ஆனால் விளம்பரப் பலகையின் வசனத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பேர்ணில் இருக்கும் என் மச்சாளின் மகனும் இப்போது லேர செய்கிறான். சுவிசில் இருக்கிற எங்கட ஆக்கள் தொழிற்பயிற்சியை அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வருடமாக மச்சாள் அதை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "படிக்கிறான்" என்று மட்டும் சொல்வார். பிள்ளை கம்பஸ் போகவில்லை என்றால் எங்கட சனம் என்ன கதைக்கும் என்று அவருக்குத் தெரியும். வகுப்பு முடிந்து வந்து வட்ஸ்அப்பில் எர்மொத்தியின் கதையைச் சொன்னேன். மச்சாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்று வருட லேர, கிழமையில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்கூடம், மிச்ச நாள் வங்கி, மாதம் முடியச் சம்பளம் என்று முதல் தடவையாக முழுவதையும் விளக்கினார்.

அங்கே 15 வயதில் வேலைக்குப் போனால் பள்ளிக்கூடமும் பின்னாலேயே வருகிறது. எர்மொத்தியும் பிறகு சுவிஸ் அரசாங்கம் அங்கீகரிக்கும் வங்கி நிபுணர் பரீட்சை எழுதினார், ஒக்ஸ்போர்ட்டில் முகாமைத்துவப் பயிற்சி எடுத்தார். கிளிநொச்சியில் 15 வயதில் பள்ளிக்கூடத்தை விடுகிற பிள்ளை போகும் இடம் மேசன் வேலை, அல்லது புடைவைக் கடை. அதற்குப் பின்னால் எந்தப் பள்ளிக்கூடமும் வராது. வகுப்பில் இருந்த 19 வயதுப் பொடியன் ஒருவன், "அப்ப நான் உயர்தரத்தை விட்டிட்டு இதிலயே நிக்கலாமோ சேர்?" என்று கேட்டதே கேட்டான். சேர் பதில் சொல்லித் திருத்தினார்தான், ஆனால் பலகையில் இன்னும் அந்த வசனம் அப்படியே இருக்கிறது. பலகையை மாற்றச் சொல்லி நான் சொன்னேன், நீங்களும் சொல்லுங்கள்.

மூன்றாம், நாலாம் கிழமை சுமார். எர்மொத்தி சிற்றிபாங்கில் இரண்டு வருடம், பிறகு 1987ல் இருந்து மெரில் லிஞ்சில் நீண்ட காலம், பங்குச் சந்தைப் பிரிவில் மேலே மேலே போனது, 2005 கடைசியில் இத்தாலியின் யூனிகிரெடிட், அங்கே துணைத் தலைமை நிர்வாகி. 2010ல் தலைமைக் கதிரை காலியானபோது அது பெடெரிக்கோ கிசோனிக்குப் போனது, இவர் வெளியேறினார். இந்த இடத்தில் சேர் தன் சொந்தக் கதைக்குள் இறங்கி, தனக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பதவி உயர்வு யாருக்குப் போனது என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தார். அதற்கும் நாங்கள்தான் காசு கட்டினோம்.

ஐந்தாம் கிழமை மழை. மேல்மாடிக்குக் கூரை தகரம். கிளிநொச்சி மாரி மழை தகரத்தில் விழுந்தால் பக்கத்துக் கதிரைக்காரர் இருமுவதுகூடக் கேளாது. சேர் ஒவ்வொரு வசனமாகப் பலகையில் எழுதினார். அப்படியிருந்தும் அன்றைய பாடம்தான் எனக்கு நன்றாக விளங்கியது, ஏனென்றால் அது பெட்டகத்தின் பாடம்.

2011 செப்ரெம்பரில் யூ.பி.எஸ்ஸின் லண்டன் அலுவலகத்தில் குவெக்கு அடொபொலி என்ற ஒரு ஊழியர் 2.3 பில்லியன் டொலரைத் தொலைத்தது வெளியே வந்தது. தொலைத்த விதம் எளிது. பெரிய தொகைக்குச் சந்தையில் பந்தயம் கட்டிவிட்டு, அது தோற்றால் சரிக்கட்ட எதிர்ப் பக்கத்திலும் ஒரு கொடுக்கல் வாங்கல் செய்திருப்பதாகப் பொய்ப் பதிவு போட்டிருக்கிறார். அந்த எதிர்ப் பக்கம் உண்மையில் இருக்கிறதா என்று யாரும் போய்த் தட்டிப் பார்க்கவில்லை. சேர் பலகையில் இதை எழுதி முடிக்க முன்னரே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கிராமிய வங்கிப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம், மற்றது முகாமையாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். பின்னேரம் நகைப் பொதிகளை அவர் எண்ண நான் எழுத வேண்டும், அடுத்த நாள் நான் எண்ண அவர் எழுத வேண்டும். அரைப் பவுண் மோதிரத்துக்கு நாங்கள் செய்வதைக்கூட அங்கே 2.3 பில்லியனுக்குச் செய்யவில்லை. அடொபொலிக்கு 2012ல் ஏழு வருடச் சிறை. தலைமை நிர்வாகி ஒஸ்வால்ட் குரூபெல் சம்பவம் வெளிவந்து ஒன்பது நாளில் விலக, ஏப்ரலில்தான் வங்கிக்குள் வந்திருந்த எர்மொத்தியை முதலில் இடைக்காலமாகவும், நவம்பரில் நிரந்தரமாகவும் அந்தக் கதிரையில் இருத்தினார்கள். விளம்பரப் பலகையில் உள்ள 51 வயது அதுதான்.

சேருக்கு எர்மொத்தியில் ஒரு பக்தி. அது பாடத்தைக் கெடுக்கிறது. 2012 ஒக்ரோபர் 30ல் வங்கி 10,000 வேலைகளைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. லண்டனில் சிலருக்குக் காலையில் வாசலில் அட்டை வேலை செய்யவில்லை, அப்படித்தான் தங்களுடைய வேலை போனது தெரிந்தது. குறிப்புப் புத்தகத்தில் இது "செலவுக் கட்டுப்பாடு" என்று ஒரே வரி. அதே வருட டிசம்பரில், வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் லைபர் வட்டி வீதத்தில் கைவைத்ததற்காக வங்கி கட்டிய ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலர் தண்டம் இவர் வருவதற்கு முந்திய காலத்துப் பாவம், சரி. 2019ல் பிரெஞ்சுக்காரரின் வரி ஏய்ப்புக்குத் துணைபோன வழக்கில் பரிஸ் நீதிமன்றம் தண்டமும் நட்டஈடுமாக 4.5 பில்லியன் யூரோ விதித்ததும், அது பிறகு மேன்முறையீட்டில் குறைந்ததும் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணையும் எங்களோடு படித்தார். கீழே உள்ள கடை இல்லை, பரந்தனில். அவர் எழும்பி, "சேர், ஆளுக்கு என்ன சம்பளம்?" என்று கேட்டார். சேர் அடுத்த கிழமை சொல்வதாகச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். நானே தேடிப் பார்த்தேன். 2023ல் ஒன்பது மாதத்துக்கு 14.4 மில்லியன் பிராங்க். எங்கள் காசில் 500 கோடி ரூபாவுக்கு மேல். அண்ணையிடம் சொன்னபோது, "அப்ப ஆள் சேரைவிடக் கெட்டிக்காரன்தான்" என்றார்.

இனி எட்டாம் கிழமை. போகிறவர்கள் மற்ற எந்தக் கிழமையை விட்டாலும் இதை விடவேண்டாம்.

எர்மொத்தி 2020 ஒக்ரோபர் முடிவில் யூ.பி.எஸ்ஸை ரால்ஃப் ஹாமர்ஸ் கையில் கொடுத்துவிட்டு, சுவிஸ் ரீ என்ற மீள்காப்புறுதி நிறுவனத்துக்குத் தலைவராகப் போனார். இதற்கிடையில் சூரிச்சின் மற்றப் பெரிய வங்கியான கிரெடிட் சுவிஸ் ஆட்டம் காணத் தொடங்கியது. 1856ல் அல்பிரட் எஷர் ரயில் பாதை போடக் காசு திரட்டுவதற்காகத் தொடங்கிய வங்கி அது. ஆர்கேகோஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 2021 மார்ச்சில் விழுந்ததில் ஐந்து பில்லியன் டொலருக்கு மேல் போனது. அதே மாதம் கிரீன்சில் என்ற நிதி நிறுவனமும் விழுந்தது. 2022இன் கடைசி மூன்று மாதத்தில் மட்டும் வாடிக்கையாளர்கள் 110 பில்லியன் பிராங்குக்கு மேல் எடுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் வரிசை இல்லை, கைத்தொலைபேசியில் எடுத்தார்கள். 2023 மார்ச் 15ல் சவூதிப் பங்குதாரர் வங்கியின் தலைவர், இன்னும் காசு போடுவீர்களா என்று கேட்டதற்கு இல்லவே இல்லை என்றார். அன்றிரவே சுவிஸ் மத்திய வங்கி 50 பில்லியன் வரை கைகொடுக்க வந்தும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மார்ச் 19, பின்னேரம் எல்லாம் முடிந்தது. மூன்று பில்லியன் பிராங்குக்கு யூ.பி.எஸ் அதை வாங்கியது. 2008ல் அரசாங்கம் ஆறு பில்லியன் போட்டுத் தூக்கிவிட்ட அதே யூ.பி.எஸ்.

யாருக்குக் காசு, யாருக்கு இல்லை என்பதைச் சேர் கலியாண வீட்டுப் பந்தி வைத்துச் சொன்னார். முதல் பந்தி வைப்பாளர்கள். பிறகு கடன் பத்திரக்காரர். அதற்குப் பிறகு ஏ.ரி.1 என்ற, கூட வட்டி தரும் ஆபத்துக் கூடிய பத்திரக்காரர். கடைசிப் பந்தி வீட்டுக்காரர், அதாவது பங்குக்காரர். சோறு பத்தாவிட்டால் முதலில் பட்டினி கிடக்க வேண்டியவர் வீட்டுக்காரர். "ஆனா அண்டைக்கு என்ன நடந்தது?" வெள்ளிக்கிழமை 1.86 பிராங்குக்கு நின்ற பங்குக்கு ஞாயிறன்று 0.76 பிராங்க் பெறுமதியான யூ.பி.எஸ் பங்கு கிடைத்தது. ஏ.ரி.1 பத்திரக்காரரின் 16 பில்லியன் பிராங்க் பூச்சியம். வீட்டுக்காரர் கைநனைத்துவிட்டார்கள், அவர்களுக்கு முந்திய பந்திக்காரரின் இலையைச் சுருட்டி எடுத்துவிட்டார்கள். 36 வருட அனுபவம் என்று சொன்னால் அது இந்தப் பந்திதான். புத்தகத்தில் மூன்று பக்கம் படித்தும் எனக்கு விளங்காதது இரண்டு நிமிடத்தில் விளங்கிவிட்டது.

இந்த இடத்தில் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பிழை, ஒரு குறை. பிழை: எர்மொத்திதான் கிரெடிட் சுவிஸ்ஸை வாங்கினார் என்று போட்டிருக்கிறது. வாங்கியபோது அவர் சுவிஸ் ரீயில் இருந்தார். பத்து நாள் கழித்து, மார்ச் 29ல்தான் அவரைத் திரும்பக் கூப்பிடுவதாக அறிவித்தார்கள், ஏப்ரல் 5ல் வந்து அமர்ந்தார். அவர் வந்தது கலியாணம் முடிந்த பிறகு பாத்திரம் கழுவ. இரண்டு வங்கியை ஒன்றாக்குகிற வேலை என்றால் பாத்திரமும் கொஞ்சநஞ்சம் இல்லை. குறை: புத்தகம் 2023 உடன் நிற்கிறது. 2025 ஒக்ரோபரில் சுவிஸ் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் அந்த 16 பில்லியனைப் பூச்சியமாக்கியது சட்டப்படி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. விவகாரம் மேன்முறையீடு என்று நீள்கிறது. பந்தியில் இலையைச் சுருட்டியது சரியா பிழையா என்பதுதான் அந்தப் பாடத்தின் கேள்வியே. அதை எழுதாத புத்தகத்துக்கு 1,200 கூட.

பந்திக் கதையோடு எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்போது பின் வரிசையில் இருந்த ஒரு அக்கா எழும்பினார். புதுக்குடியிருப்பில் சிக்கனக் கடன் சங்கத்தில் பொருளாளர், வகுப்பில் ஆக வயது கூடியவர் அவர்தான். "சேர், வைப்புக்காசு தப்பினது சரி. ஒரு வங்கி இரண்டு நாளில இல்லாமல் போனால் அதுக்குள்ள அடகு வைச்ச நகைக்கு என்ன நடக்கும்?"

வகுப்பில் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆறேழு பேர். அவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சேரைப் பார்த்ததை நான் பார்த்தேன். பொடியனுக்கு விளங்கவில்லை, என்னிடம் மெதுவாக, "சுவிசில நகை அடகு வைப்பினமோ அக்கா?" என்றான்.

அந்த அக்கா சுவிசைக் கேட்கவில்லை. 2009க்கு முன்னர் புலிகள் இங்கே நடத்திய வங்கியை, வைப்பகத்தைக் கேட்டார். வன்னிச் சனம் காசு போட்ட, நகை வைத்த இடம். 2009 மேயோடு அது இல்லை, அதில் இருந்தவர்களும் இல்லை. அதை வாங்க இன்னொரு வங்கி ஞாயிற்றுக்கிழமை வரவில்லை.

சேர் கொஞ்ச நேரம் சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு பலகையை முழுதாக அழித்துவிட்டு, இலங்கையில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று தொடங்கினார். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை. 2020 மேயில் தி பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி இரத்துச் செய்தபோது அது 6 இலட்சமாக இருந்தது. சுவிசில் ஒரு இலட்சம் பிராங்க். இந்த 11 இலட்சம் உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் மட்டும்தான். கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகள் அதற்குள் வராது. 11 வருடம் வேலை செய்கிறேன், என் மேசைக்கு முன்னால் வைப்புப் புத்தகத்தோடு நிற்கும் ஆச்சிமாருக்கு நான் இதை ஒரு நாளும் சொன்னதில்லை. எனக்கே தெரியாது. அடகு நகைக்கு என்ன நடக்கும் என்ற கேள்விக்கு, "அது கடனுக்குப் பிணை, வங்கியின்ர சொத்து இல்லை. கடனைக் கட்டினால் நகையைத் திருப்பித்தான் குடுக்கவேணும், யார் பொறுப்பெடுத்தாலும்" என்று சேர் சொன்னார். "பொறுப்பெடுக்க ஆள் இருந்தால்" என்று அக்கா சொல்லிவிட்டு இருந்தார். அன்று வகுப்பு முடிந்தும் ஒருவரும் உடனே எழும்பவில்லை.

சரி, மிச்ச விசயங்களையும் சொல்லிவிடுகிறேன். கதிரை பிளாஸ்டிக், மூன்று மணித்தியாலம் இருந்தால் முதுகு சொல்லும், ஒரு தலையணை கொண்டு போங்கள். இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் சுற்றுகிறது, அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்றால் ஒன்றே முக்காலுக்கு முன் போய்விடுங்கள். மலசலகூடம் கீழே கடைக்காரரிடம் திறப்பு வாங்கிப் போகவேண்டும், பெண் பிள்ளைகளுக்குக் கரைச்சல். மாதிரி வினாத்தாள் ஐந்து தருவதாகச் சொன்னார்கள், இரண்டுதான் தந்தார்கள். கணக்குப் பாடம் உயர்தர வர்த்தகம் படித்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தது. கூட்டுறவுச் சட்டம் பற்றி ஒரு வகுப்பாவது வைக்கச் சொல்லி நானும் புதுக்குடியிருப்பு அக்காவும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். வட்டிக் கணக்கை, அதிலும் நுண்கடன் கம்பனிகள் சொல்லும் மாத வட்டியை உண்மையான வருட வட்டிக்கு மாற்றிப் பார்க்கும் விதத்தை, மிக நன்றாகப் படிப்பித்தார். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டுக் கடன் துண்டுகளை அப்படி மாற்றிப் பார்த்தேன். ஒரு வீட்டில் என்னைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள், கணக்குப் பிழைத்துவிட்டது என்று நினைத்து.

காசுக்குப் பெறுமதியா என்றால், சங்கங்களிலும் வங்கிகளிலும் ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்குப் பெறுமதி. விசுவமடுத் தம்பி, நீர் உயர்தரம் முடித்துவிட்டுப் போம். 15 வயதுக் கதையை நம்பி இப்போது போகவேண்டாம்.

எட்டாம் கிழமை வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்த அக்காவின் கேள்வியைச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய் பால்மா ரின்னை எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குத் தெரியும் உள்ளே என்ன என்று. 2007 காலபோகத்துக்கு விதைநெல்லும் உழவுக் கூலியும் தேவைப்பட்டு வைப்பகத்தில் அடகு வைத்த இரண்டு காப்பு, ஒரு சங்கிலி. நாலரைப் பவுண். அதன் பற்றுச்சீட்டு. இரண்டு சொப்பிங் பைக்குள் மடித்து, இறப்பர் வளையம் போட்டு, மடிக்குள் செருகி, தருமபுரத்தில் இருந்து சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம் என்று அம்மாவோடு போய்த் திரும்பி வந்த துண்டு. 2025 மேயில், போர்க்காலத்தில் வன்னியில் மீட்ட தங்க நகைகளை இராணுவம் பொலிசாரிடம் கையளித்ததாகச் செய்தி வந்த அன்று ரின்னில் இருந்து கைப்பைக்கு மாறியது. ஒரு மாதம் கைப்பையில் இருந்துவிட்டுத் திரும்ப ரின்னுக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமை அம்மாவைக் கேட்டு அதை வகுப்புக்குக் கொண்டு போனேன். தேத்தண்ணி நேரத்தில் சேரிடம் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு, யன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். இலக்கம், திகதி, நிறை, கரட், பெற்ற தொகை, இரண்டு கையொப்பம். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார், நாங்கள் பெட்டகத்தில் பொதி எண்ணுவது போல. "ஒரு இடத்திலயும் பிழை இல்லை பிள்ளை" என்றார். "இப்பிடிச் சுத்தமா எழுதின அடகுத் துண்டை நான் கொழும்பிலயும் கண்டது குறைவு." பிறகு கொஞ்சம் தயங்கி, அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கான குறிப்புப் புத்தகத்தில் போட ஒரு போட்டோக்கொப்பி எடுக்கலாமா என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எடுக்கலாமாம். ஆனால் தானும் கிளிநொச்சிக்கு வந்து மெசினுக்குப் பக்கத்தில் நிற்பாராம்.